அச்சத்துக்கு எதிர்ச்சொல் எது? யானை வரும் ஊரிலிருந்து ஒரு விளக்கம்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் ஊருக்குள் யானை வந்துவிட்டால், ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். “பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம். எச்சரிக்கையாக இருக்கவும். தேவையில்லாமல் வெளியே வர வேண்டாம்.” கேட்கிறவருக்குக் குழப்பம் வருவது நியாயம். அச்சப்பட வேண்டாம் என்றால் ஏன் வெளியே வரக் கூடாது? வெளியே வரக் கூடாத அளவுக்கு ஆபத்து இருக்கிறது என்றால் ஏன் அச்சப்படக் கூடாது? சரி, அச்சப்படாமல் வேறு எப்படி இருக்கச் சொல்கிறார்கள்?

இதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பழைய பள்ளிக்கூடக் கேள்வியில் போய் நிற்போம்: அச்சம் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? துணிவு என்று எழுதலாம். வீரம் என்றும் தைரியம் என்றும் எழுதலாம். மூன்றுக்கும் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மூன்றும் ஒரே பொருள் கொண்டவை அல்ல. யானை நடமாடும் பாதையில் இருட்டில் வீடு திரும்பும் ஒருவருக்கு இந்த மூன்றில் எது தேவை என்று கேட்டுப் பாருங்கள். அவர் வேறொரு சொல்லைச் சொல்வார்.

முதலில், அச்சம் என்ற சொல்

அச்சம், ‘அஞ்சு’ என்ற வினையிலிருந்து வந்தது. நஞ்சு என்பது ‘நச்சுப்பாம்பு’ என்பதில் நச்சு ஆவதுபோல, அஞ்சு என்பதில் உள்ள மெல்லின ஒலி வல்லினமாகி அச்சம் ஆகிறது. இந்த வேர் நமக்கு மட்டும் உரியதல்ல. முதுமலையைத் தாண்டி கர்நாடகத்துக்குள் போனால் அங்கும் ‘அஞ்சு’ என்றால் பயப்படு, ‘அஞ்சிகெ’ என்றால் பயம். மறுபக்கம் வயநாட்டில் அன்றாடச் சொல் ‘பேடி’. தமிழில் பேடி என்றால் கோழை என்று ஆளைத் திட்டும் சொல். மலையாளத்தில் அது பயம் என்ற உணர்வுக்கே பெயர். கூடலூர் கடைவீதியில் மூன்று மொழிக்காரர்களும் அருகருகே நிற்பார்கள் என்பதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பழைய தமிழில் இன்னும் சில சொற்கள் இருந்தன. பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப் பொருள் தருபவை என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. இன்று அந்தப் பொருளில் மூன்றையும் யாரும் பேசுவதில்லை. அவற்றின் இடத்தை வடமொழியிலிருந்து வந்த ‘பயம்’ பிடித்துக்கொண்டது. சங்கப் பாட்டில் ‘பயம்’ என்று வந்தால் பயன், விளைவு என்று பொருள். அதே எழுத்துகள்தான், ஆனால் முழுக்க வேறு சொல்.

அச்சத்துக்குள் பல படிகள் உண்டு. தயக்கம், கலக்கம், பதற்றம், நடுக்கம், கிலி, திகில், பீதி. ஒவ்வொன்றும் தனித்தனி உணர்வு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எதிர்ச்சொல் உண்டு. தயங்குகிறவருக்குத் தேவை துணிவு. கலங்கியவருக்குத் தேவை தெளிவு; கலங்கிய தண்ணீர் தெளிவதைப் போலத்தான் அதைச் சொல்கிறோம். நடுங்குகிறவருக்குத் தேவை உறுதி. பீதியில் ஓடுகிறவருக்குத் தேவை நிதானம். அவரிடம் போய்த் துணிவைப் பற்றிப் பேசினால் இன்னும் வேகமாக, அதுவும் தவறான பக்கம் ஓடுவார். செய்தித் தலைப்பு ‘சிறுத்தை நடமாட்டம்: பொதுமக்கள் பீதி’ என்கிறது. அறிவிப்பு ‘அச்சம் வேண்டாம்’ என்கிறது. இரண்டும் வெவ்வேறு படியில் நின்று பேசுகின்றன. குழப்பத்தின் முதல் முடிச்சு இங்கே இருக்கிறது.

எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு

ஒரு சொல்லோடு ‘இல்லை’ என்பதைச் சேர்த்தால் எதிர்மறை கிடைக்கும். எதிர்ச்சொல் அப்படிக் கிடைக்காது. சூடில்லாதது எல்லாம் குளிர்ச்சி ஆகிவிடாது, நடுவில் வெதுவெதுப்பு இருக்கிறது. அதேபோல் அச்சம் இல்லாதவர் எல்லாரும் துணிந்தவர் ஆகிவிட மாட்டார். தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் அச்சம் இல்லை. அதற்காக அந்தக் குழந்தையைத் துணிச்சல்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

அச்சத்தின் எதிர்மறையாகத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் மூன்று திசையில் போகின்றன.

1. அச்சமின்மை. அச்சம் என்ற பெயரோடு ‘இன்மை’ சேர்ந்தது. ஒரு நிலையை மட்டும் சொல்கிறது. யாருக்கு, ஏன் என்பதெல்லாம் அதில் இல்லை.

2. அஞ்சாமை. இதில் ‘அஞ்சு’ என்ற வினை உயிரோடு இருக்கிறது. நடுவில் உள்ள ‘ஆ’ தான் எதிர்மறை. வினை இருப்பதால் செய்கிறவர் ஒருவரும் உண்டு. அஞ்சும்படியான ஒன்று எதிரே நிற்கிறது, ஆனாலும் இவர் அஞ்சவில்லை. நான்கு குணங்கள் வேண்டும் என்று சொல்லும் வேந்தனுக்கும் அவையில் பேசுகிறவனுக்கும் திருக்குறள் இந்தச் சொல்லைத்தான் கொடுக்கிறது.

3. அபயம். இது வடசொல், நேர்ப்பொருள் ‘பயம் இல்லாமை’. ஆனால் தமிழில் யாரும் ‘எனக்கு அபயமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. அபயம் கேட்போம், அபயம் கொடுப்போம், அபயம் என்று போய் விழுவோம். கோயில் சிலையில் உயர்த்திய வலக்கைக்கு அபய முத்திரை என்று பெயர். ‘பயம் இல்லை’ என்று பிறந்த சொல், ‘இன்னொருவர் தரும் பாதுகாப்பு’ என்று வளர்ந்துவிட்டது.

மூன்றாவது சொல்லின் இந்தப் பயணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயம் போவதற்கு மனம் மட்டும் போதாது, எதிரில் ஒரு கை வேண்டும் என்று மொழி தானாகவே கண்டுகொண்டிருக்கிறது.

அப்பர் தேவாரத்தில் ஒரு வரி இந்த வேறுபாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடும்: “அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை.” பல்லவ மன்னன் யானையை ஏவிவிட்டபோது பாடிய பதிகம் என்பது மரபு. வரியில் இரண்டு ‘இல்லை’ இருப்பதைக் கவனியுங்கள். நான் அஞ்சுவது எதுவும் இல்லை என்பது பாடுகிறவரின் உள்ளத்தைப் பற்றியது. அஞ்சும்படி வரப்போவதும் எதுவும் இல்லை என்பது வெளி உலகத்தைப் பற்றியது. ஒருவருக்கு முதல் ‘இல்லை’ கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் போகலாம். தேயிலை எஸ்டேட் ஓரத்தில் குடியிருப்பவர்களின் நிலை பெரும்பாலும் அதுதான்.

உள்ளே இருக்கும் சொற்கள்

மனத்துக்குள் இருக்கும் எதிர்ச்சொற்களில் ‘துணிவு’ தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டியது. துணிதல் என்றால் அறுபடுதல். துணித்தல் என்றால் வெட்டுதல். உடுத்தும் துணிக்கும் அப்படித்தான் பெயர் வந்தது, அது வெட்டி எடுத்த துண்டு. மனத்தில் ‘போகலாமா, வேண்டாமா’ என்று இழுத்துக்கொண்டிருந்த நூலை ஒரே வெட்டாக வெட்டிவிடுவதுதான் துணிவு. ஆகவே துணிவு என்பது முடிவு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளில் துணிக என்பதற்கு இறங்கு, முடிவு செய் என்றுதான் பொருள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘எண்ணி’ நிற்கிறது. எண்ணாமல் வெட்டினால் அதற்குத் துணிவு என்ற பெயர் கிடைக்காது, அசட்டுத் துணிச்சல் என்ற பெயர்தான் கிடைக்கும். பேச்சு வழக்கில் ‘துணிவு’ பாராட்டாகவும் ‘துணிச்சல்’ சில நேரம் கண்டிப்பாகவும் ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘என்ன துணிச்சல் உனக்கு!’ என்று கேட்கிறோம். ‘என்ன துணிவு உனக்கு!’ என்று அதே குரலில் கேட்பது அரிது.

தைரியம், வடமொழியில் தீரன் என்பதோடு சேர்ந்தது. அசையாமல் நிலைத்திருத்தல் என்பது அடிப்படைப் பொருள், பாய்ந்து தாக்குவது அதில் இல்லை. கன்னடக்காரரும் மலையாளியும் இதே சொல்லைச் சொல்வதால் இந்த மலையில் மூன்று மொழிக்கும் பொதுவான எதிர்ச்சொல் இதுதான்.

வீரம், மறம், ஆண்மை ஆகியவை போர்க்களத்துச் சொற்கள். வடமொழி ‘வீர’ என்பதற்கே ஆண்மகன் என்ற பொருளும் உண்டு. ஆண்மை என்பது சொல்லிலேயே ஆணைச் சுமந்துகொண்டு வருகிறது. கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையிலும் மாலையிலும் யானைப் பாதையைக் கடக்கிறவர்கள் அவர்களே. அவர்களுடைய மனவலிமைக்கு இந்தச் சொற்கள் பொருந்தவில்லை. அவர்களே சொல்லிக்கொள்வது ‘தெம்பு’. ‘கொஞ்சம் தெம்பா இருந்தா போதும்’ என்பார்கள். உடம்பின் வலுவும் மனத்தின் வலுவும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

இன்னொரு பழைய சொல் தறுகண். கண்ணில் தெரியும் அஞ்சாமை அது. சங்கப் பாடல்களில் யானைக்கும் பன்றிக்கும்கூட இந்த அடைமொழி வருகிறது. எறிந்த வேலைப் பார்த்துக் கண் இமைத்தாலே வீரனுக்குத் தோல்விதான் என்று ஒரு குறள் சொல்லுமே, அந்தக் கண்தான் இது. பிற்காலத்தில் தறுகண் என்றால் கொடுமை என்றும் பொருள் ஏறிவிட்டது. அமைச்சனுக்கு வேண்டிய மன உறுதியைக் குறித்த ‘வன்கண்’ணுக்கும் இதே கதி. அச்சமற்ற கண்ணை மக்கள் தொடர்ந்து நம்பவில்லை என்று தெரிகிறது.

நான்கு அச்சங்கள், நான்கு எதிர்கள்

தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பற்றிப் பேசும் பகுதியான மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: “அணங்கே விலங்கே கள்வர் தம் இறை.” வருத்தும் தெய்வம், விலங்கு, திருடர், மேலே இருக்கும் அதிகாரம். இந்த நூற்பாவை முதலில் படித்தபோது ஏதோ பழைய பட்டியல் என்றுதான் எனக்குத் தோன்றியது. கூடலூரை மனத்தில் வைத்துப் படித்தால் அப்படித் தோன்றாது.

அணங்கும் கள்வரும் இங்கே நமக்கு முக்கியமில்லை. ஒன்றுக்குக் கோயிலில் காப்புக் கட்டுகிறோம், இன்னொன்றுக்கு ஊர்க்காவல் போடுகிறோம். விலங்குக்கு அப்புறம் வருவோம். நான்காவதான இறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நிலம் ஒரு பெரிய சிக்கல். ஜென்மி எனப்பட்ட பெரும் நிலவுடைமையாளர்களின் முறையை ஒழிக்க 1969-இல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவின்கீழ் வரும் நிலங்களின் வழக்கு பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. மின் இணைப்புக்கே வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. என்றைக்காவது வெளியேறச் சொல்வார்களோ என்ற அச்சம் யானை அச்சத்தைவிட நீண்ட நாள் நிற்கிறது.

இரண்டு அச்சமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைப் பாருங்கள். பட்டா இல்லாததால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் வாசலில் விளக்கு இல்லை. விளக்கு இல்லாததால் வாசலில் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியவில்லை. இறையால் வந்த அச்சம் விலங்கால் வரும் அச்சத்தைப் பெரிதாக்குகிறது. இந்த வீட்டுக்காரரிடம் போய் ‘அச்சப்பட வேண்டாம்’ என்று சொன்னால் அவர் எதை அச்சப்படாமல் இருப்பது?

அச்சத்தை அடுத்து மெய்ப்பாட்டியல் வைப்பது பெருமிதம். உரையாசிரியர்கள் இதை வீரம் என்று விளக்குவார்கள். பெருமிதம் பிறக்கும் இடமும் நான்கு: கல்வி, தறுகண், இசைமை (புகழ்), கொடை. அஞ்சாத கண் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. முதலிடம் கல்விக்கு. எனக்கு எது தெரியும் என்பதில் பிறக்கும் நிமிர்வு, வேல் பிடித்த கையின் நிமிர்வுக்கும் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் தன் மனு எந்த எண்ணில், எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரிந்தவர் நிற்கும் நிலையையும் தெரியாதவர் நிற்கும் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பயம் விட்டுப்போனால்

அச்சம் முழுக்கப் போய்விட்டால் நல்லது என்று தமிழ் நினைக்கவில்லை. ‘அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு’ என்று சொல்கிறோம். இங்கே குளிர் என்பது பயம், பயத்தோடு சேர்ந்த அடக்கம். குளிர் விட்டுப்போனவனைப் பற்றி யாரும் மகிழ்ச்சியோடு பேசுவதில்லை. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்ற குறளும் இதைத்தான் சொல்கிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது அறியாமை, அதற்கு அஞ்சுவது அறிந்தவர் தொழில்.

மருத்துவத்திலும் இதற்குச் சான்று உண்டு. மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி நோயால் அழிந்துபோன அமெரிக்கப் பெண் ஒருவரைப் பற்றிய ஆய்வு 2010 இறுதியில் வெளியானது. பாம்பு பிடிக்காது என்று சொன்னவர், கடையில் பாம்புகளைக் கண்டதும் ஆர்வத்தோடு கையில் எடுத்துப் பார்த்தார். கத்தி முனையிலும் துப்பாக்கி முனையிலும் மாட்டிக்கொண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. விலக வேண்டிய இடத்தில் விலகாததும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அவரிடம் இருந்தது அச்சமின்மை. அதைத் துணிவு என்று சொல்ல முடியாது, வெட்டுவதற்கு அங்கே நூலே இல்லை.

கூடலூர்ப் பக்கத்தில் ‘பயம் விட்டுப்போச்சு’ என்பதை மனிதனைவிட யானையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். முதலில் தீப்பந்தத்துக்கு விலகிய யானை, பிறகு பட்டாசுக்கு மட்டும் விலகுகிறது. அப்புறம் பட்டாசுக்கும் விலகுவதில்லை. ‘பந்தலூர் மக்னா-2’ என்று பெயரிடப்பட்ட தந்தமில்லாத ஆண் யானை அரிசிக்காக வீடுகளை உடைத்துப் பழகியிருந்தது. 2022 டிசம்பரில் அதைப் பிடித்து முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். அது காட்டில் தங்கவில்லை. நடந்தே எல்லை தாண்டி, 2023 ஜனவரியில் கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் போய் நின்றது. அங்கே மறுபடி பிடிபட்டது. யானைக்கும் மனிதனுக்கும் இடையில் இருந்த அச்சம் இரண்டு பக்கமும் ஒரு வேலி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் இருப்பவர் எவ்வளவு துணிந்தவராக இருந்தும் பயனில்லை.

இதற்காகவே அறிவிப்பில் ‘தைரியமாக இருங்கள்’ என்று சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். அதைக் கேட்டுத் தைரியமாக செல்பேசியைத் தூக்கிக்கொண்டு யானைக்குப் பத்தடி பக்கத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அப்படிப் போக மாட்டார், ஏனென்றால் அவருக்குப் பயம் இருக்கிறது.

பாதையில் நடப்பது எப்படி

விடியற்காலை, மூடுபனி. எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, தார்ச்சாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. இருபுறமும் இடுப்பளவு தேயிலை, வளைவில் உண்ணிச்செடிப் புதர். நாலு பெண்கள், முன்னால் வயதான ஒருவர். வளைவுக்கு இருபதடி முன்னாலேயே அவர் நிற்கிறார். எல்லாரும் பேச்சை நிறுத்துகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார். கிளை முறியும் சத்தம் இருக்கிறதா என்று கேட்கிறார். பாதையில் யானை லத்தி கிடக்கிறது. ஆவி பறக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். ஆறிப்போயிருக்கிறது. “வாங்க புள்ளைகளா” என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கும் கம்பால் தகர டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுகிறார். நாங்கள் வருகிறோம் என்று சொல்லும் தட்டு அது. யானைக்குக் கண்பார்வையைவிட மோப்பமும் செவியும் கூர்மை என்பது அவருக்குத் தெரியும். திடீரென்று எதிரே முளைக்கும் மனிதன்தான் யானையைத் திடுக்கிட வைக்கிறான்.

இந்த நாலு நிமிஷத்தில் வீரம் எங்கும் இல்லை. பயம் போகவும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். இதற்குத் தமிழில் உள்ள சொல் நிதானம். நின்று, அளந்து, அப்புறம் அடியெடுத்து வைப்பது. இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு யானை வருகிறது: வேல் வீரர்களுக்கும் அஞ்சாத களிறு, கால் புதையும் சேற்றில் மாட்டினால் நரியே அதைக் கொன்றுவிடும். அஞ்சாத யானைக்கும் இடம் தெரியாவிட்டால் அதுதான் முடிவு.

அந்தப் பாதையில் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் தனியாகப் போகவில்லை.

பக்கத்தில் இருக்கும் சொல்: துணை

பயமாக இருக்கும்போது தமிழர் வாயில் வரும் முதல் சொல் துணிவு அல்ல, துணை. ‘பயமா இருக்கும்மா, துணைக்கு வா’ என்று ராத்திரியில் குழந்தை கூப்பிடும். அம்மா எழுந்து வந்து வாசலில் நிற்பாள். ஆபத்து எதுவும் குறையவில்லை, இருட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் பயம் போய்விடுகிறது. அவள் சொல்வதும் ‘தைரியமாக இரு’ என்றல்ல, ‘நான் இருக்கேன்ல’ என்று. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘முருகன் துணை’ என்று எழுதுவதும் இதே தேவையால்தான்.

‘அஞ்சாமை அல்லால் துணைவேண்டா’ என்று ஒரு குறள் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த வரிக்குப் பின்னால் நிபந்தனை இருக்கிறது: குறை இல்லாமல் எண்ணி, தகுந்த இடத்தில் செய்தால். இருட்டில், புதர் மண்டிய பாதையில், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவருக்குத் துணை கட்டாயம் வேண்டும்.

1964-இல் போடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி எனப் பல இடங்களில் குடியேறின. அவர்களுக்கு வேலை தரவே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கியது. அந்தக் குடும்பங்களில் முதியவர்கள் இன்னும் ‘தஞ்சம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். ‘தஞ்சம்னு வந்தோம்’ என்பார்கள். பயத்துக்கு எதிரே அவர்கள் வைத்த சொல் ஓர் இடத்தின் பெயர் போல இருக்கிறது. ஊரே துணையாக வேண்டியிருந்தவர்களுக்கு வேறு எந்தச் சொல்லும் போதவில்லை.

சுற்றிலும் இருக்க வேண்டியது: ஏமம்

மூன்றாவது வகைச் சொற்கள் மனத்திலும் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆளிடமும் இல்லை. ஊரின் அமைப்பில் இருப்பவை. காப்பு, காவல், அரண், பாதுகாப்பு. இவற்றில் வழக்கொழிந்துபோன ஒரு நல்ல சொல் ஏமம். பாதுகாப்பு என்பதோடு இன்பம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. காவல் இருக்கும் இடத்தில்தான் நிம்மதியான மகிழ்ச்சி இருக்கும் என்பதால் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தியிருக்கும் என்று நினைக்கிறேன். நாட்டுக்கு அணி ஐந்து என்று எண்ணும் குறளில் நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஏமம் நிற்கிறது. கவனியுங்கள்: அது குடிமகனின் குணமாகச் சொல்லப்படவில்லை. நாட்டின் தகுதியாகச் சொல்லப்படுகிறது.

ஏமம் எப்படி இருக்கும் என்பதற்கு வால்பாறை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே யானையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை யானை அங்கே நிற்பது தெரியாமல் நேர்ந்தவை என்று கண்டார்கள். ஆகவே தெரியப்படுத்தும் வேலையைச் செய்தார்கள். யானை எங்கே இருக்கிறது என்று மாலையில் குறுஞ்செய்தி வரும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும். முக்கியமான இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும். யானை பக்கத்தில் இருந்தால், பொறுப்பில் உள்ளவர் தன் செல்பேசியிலிருந்தே அதை எரியவிடுவார். தூரத்தில் பேருந்திலிருந்து இறங்கும்போதே விளக்கைப் பார்த்துவிட்டு, இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடலாம். இறங்குகிறவரின் துணிவு கூடவில்லை. ‘அஞ்ச வருவது’ எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மரணங்கள் குறைந்தன.

அறிவிப்பில் எந்தச் சொல்

இப்போது ஒலிபெருக்கி அறிவிப்புக்குத் திரும்பலாம். ‘அச்சப்பட வேண்டாம்’ என்ற வாக்கியம் முழுப் பொறுப்பையும் கேட்கிறவரின் மனத்தில் வைக்கிறது. துணையும் ஏமமும் சொல்லப்படவே இல்லை. ஆகவே அதில் மூன்று திருத்தம் வேண்டும் என்பது என் கருத்து.

1. உணர்வைப் பற்றிய கட்டளை வேண்டாம். பயப்படாதே என்று சொல்லி யாரும் பயம் நீங்கியதில்லை. பயப்படுவது சரிதான் என்று விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும்.

2. ‘எச்சரிக்கையாக இருக்கவும்’ என்பதோடு எதைப் பற்றிய எச்சரிக்கை என்பது சேர வேண்டும். எந்த இடம், எந்த நேரம், எத்தனை யானை. இடம் சொல்லாத எச்சரிக்கை பதற்றத்தைத்தான் வளர்க்கும்.

3. துணைக்கு யார் வருவார் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் இது முதல் வரியாகவே வரலாம்.

அப்படி எழுதினால் அறிவிப்பு இப்படி இருக்கும்:

“ஒரு கொம்பன் யானை மாலை ஐந்தரை மணிக்கு ஆற்றோரம், பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கிறது. அந்த வழியில் யாரும் போக வேண்டாம், மேல் ரோட்டைப் பயன்படுத்துங்கள். ஆறு மணிப் பேருந்தில் வருகிறவர்கள் நிறுத்தத்திலேயே நில்லுங்கள்; காவலர் இருவர் டார்ச் லைட்டோடு அங்கே இருக்கிறார்கள், லயம் வரை கூடவே வருவார்கள். யானை அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் மறுபடி அறிவிப்போம்.”